திருப்பப்படாத மார்ச் மாதம்

செப்டம்பர் 6, சனி

பட்டறைச் சாமான்களை மூட்டைகட்ட ஆரம்பித்தாயிற்று. இரண்டு வாரத்தில் டுலூத் நகரின் மறுகோடியில், படியே இல்லாத வீட்டுக்குப் போகிறோம். என் மனைவி மார்லிஸின் முழங்கால் வலிக்காக. துணி துவைக்க இனி அவள் கீழ்த்தளத்துக்கு இறங்க வேண்டாம். என் தச்சுப் பட்டறையும் கீழ்த்தளத்தை விட்டுக் கார் கொட்டகைக்கு மாறுகிறது.

உளிகள், இழைப்புளிகள், பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் இருபத்தேழு கிளாம்புகள் பெட்டிக்குள் போயின. துண்டுப் பலகைகளை எறிய மனசு வரவில்லை. நாலு விரல் அகல வால்நட் மரத்துண்டைத் தூக்கிக் காட்டி, “இது எதுக்கு?” என்றாள் மார்லிஸ்.

“எதுக்காவது ஆகும்.”

“பதினோரு வருஷமா ஆகுது!”

அவள் தம்பி கர்ட் அடுத்த சனிக்கிழமை லாரியோடு வருகிறான், என் மின்சார மேசை ரம்பத்தை ஏற்ற. “அதுதானே உன் செல்லம்” என்றான் போனில். சிரித்து வைத்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அந்த ரம்பத்தைக் கண்டால் எனக்குப் பயம்.

இரண்டரை வருடம் முன்பு, ஒரு மார்ச் மாதம். இடைஞ்சலாக இருக்கிறதென்று பாதுகாப்புத் தகட்டை நானே கழற்றி வைத்திருந்தேன். பலகை ரம்பத்தில் சிக்கித் திரும்பிப் பாய்ந்தது — காதை உரசிக்கொண்டு போய்ப் பின்சுவரில் குத்தியது. முஷ்டி அளவு ஓட்டை. மேலேயிருந்து மார்லிஸ், “என்ன சத்தம்?” “பலகை விழுந்துடுச்சு.” ஓட்டையை மறைத்து மரக்கடைக் காலண்டரை மாட்டினேன். அன்றிலிருந்து ரம்பத்தை ஓட்டவில்லை. நேரமில்லை, கண் சரியில்லை, பிளேடு மழுங்கிவிட்டது — எத்தனை சாக்கு! துருப்பிடிக்காமல் மெழுகு மட்டும் தேய்க்கிறேன்.

புது வீட்டுச் சமையலறைக்கு அலமாரி செய்து தருவதாக வாக்கு வேறு கொடுத்திருக்கிறேன். அங்கே போய் என்ன சாக்குச் சொல்றது? அறுபத்துமூணு வயசுல இதை எப்படி வாய்விட்டுச் சொல்றது?

செப்டம்பர் 10, புதன்

மின்பணியாளர் புதுக் கொட்டகையைப் பார்த்தார். “இந்தக் கொட்டகையில 120 வோல்ட்தான் இருக்கு, இந்த ரம்பத்துக்கு 240 வேணும். தனி லைன் இழுக்கணும். ஒரு மாசம் ஆகும்.”

பனி கொட்டிப் பள்ளிக்கூடம் இல்லை என்று அறிவித்தது போல இருந்தது. முகத்தைத் தொங்கப்போட்டு “அடடா” என்றேன். காரில் ஏறியதும் பாட்டு வைத்தேன். வெட்கக்கேடு.

செப்டம்பர் 12, வெள்ளி

எல்லாச் சுவரும் காலி, அந்தக் காலண்டர் மட்டும் மிச்சம். மார்லிஸ் கடைக்குப் போனதும் ஓட்டையை அடைத்துவிடலாம் என்று பூச்சு டப்பா வாங்கி ஒளித்து வைத்திருந்தேன். அவளோ கடைக்குப் போகாமல் துணிக்கூடையோடு கீழே வந்தாள்.

“அதைக் கழட்டலையா?”

“அப்புறம்.”

கூடையைக் கீழே வைத்தாள். “வெண்டல், ரெண்டரை வருஷமா அதுல மார்ச் மாசம்தான். ஒண்ணாந்தேதி காபிக்கு முன்னாடியே மாசத்தைத் திருப்புற ஆளு நீ. அந்த ஏப்ரல்லயே தூக்கிப் பாத்துட்டேன்.”

“ஏன் கேக்கல?”

“நீ ஏன் சொல்லல?”

எங்கள் ஊர் வியாதி இது. வீடு பற்றி எரிந்தாலும், ‘கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கு இல்ல?’ என்போம்.

“அதுக்கப்புறம் அந்த மெஷின் சத்தமே வரல. நிம்மதியா இருந்துச்சு. கேட்டா வீம்புக்கு ஓட்டிருவியோன்னு வாயை மூடிக்கிட்டேன்” என்றாள்.

“எனக்குப் பயமா இருக்கு மார்லிஸ்” என்றேன். சொல்லியாச்சு. அவ்வளவுதானா? இதுக்கா இரண்டரை வருஷம்? அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். பிறகு பூச்சு டப்பாவைக் கண்டுபிடித்து, கண்ணைத் துடைக்காமலே சிரித்தாள். இருவரும் சேர்ந்துதான் ஓட்டையை அடைத்தோம்.

செப்டம்பர் 13, சனி

“ரம்பத்தை நீயே வச்சுக்கோ” என்றதும் கர்ட் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். காரணத்தையும் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருந்தது. அவன் கேலி செய்யவில்லை, அதுவே பெரிய ஆச்சரியம். மோட்டாரைத் தனியாக, மேசையைத் தனியாகக் கழற்றி, அவனும் இரண்டு நண்பர்களுமாகப் படியேற்ற மதியம் ஆகிவிட்டது. பாதுகாப்புத் தகட்டைத் தேடி எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

“இதை மாட்டாம ஓட்டினா மெஷினைத் திருப்பி வாங்கிக்குவேன்.”

“வாங்கி? உன் வீட்லதான் அதுக்குக் கரண்டே இல்லையே!”

லாரி அவன் வீட்டுப் பக்கம் திரும்பியது. வயிறாரச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

குடிவந்தாயிற்று. கைரம்பம் எந்தப் பெட்டியில் என்றுதான் தெரியவில்லை.

நவம்பர் 1, சனி

அலமாரி நேற்று முடிந்தது. முழுக்கக் கையால் அறுத்தது. இடது கதவு கொஞ்சம் கோணல், மார்லிஸ் பார்க்காதது போல் இருக்கிறாள். அந்த வால்நட் துண்டுதான் கைப்பிடி. பதினோரு வருடத்து வழக்கில் ஜெயித்துவிட்டேன்.

காலையில் கொட்டகைக்குப் போய், காபிக்கு முன்னாலேயே புதுக் காலண்டரில் மாதத்தைத் திருப்பினேன். மார்லிஸ் வீட்டுச் செருப்போடு கோப்பையை ஏந்தி வந்தாள். வந்தவள் காலண்டரின் ஓரத்தைத் தூக்கிப் பின்னால் எட்டிப் பார்த்தாள். வெறும் சுவர்.

“சரி” என்று காபியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.