அழிக்காமல் வைத்த பக்கம்

நவ. 4, செவ்வாய்
விடிகாலை ஐந்து. தூறல். லேப்டாப் சார்ஜர் வயர் லூஸ், ரப்பர் பேண்டு போட்டு ஒப்பேற்றல்.

வெள்ளிக்கிழமை டிரையல். பல்லடம் ரோட்டில் ஒரு ஆபீஸ். வெப் பக்கம் ஒன்று செய்து காட்ட வேண்டும், பிடித்தால் வேலை. உட்கார்ந்து பார்க்கிற வேலை! ஒன்பது வருஷமாக பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் நின்று நின்று, கால் நரம்பெல்லாம் சுருண்டு கிடக்கிறது.

ஃபிரேம்வொர்க் புரிகிறது என்றுதான் நினைக்கிறேன். பக்கத்தைத் துண்டு துண்டாகச் செய்து சேர்ப்பது. பனியன் மாதிரியே, கை தனி, கழுத்து தனி, பாடி தனி. இதற்கா இத்தனை மிரட்டல்?

ஆறு மணிக்குத் திரையெல்லாம் சிவப்பு எழுத்தில் பிழை. அழித்துவிட்டேன், மொத்தத்தையும்.

நவ. 5, புதன்
முதலிலிருந்து. மறுபடி சிவப்பு. மறுபடி அழித்தேன். போன வாரத்திலிருந்து இதோடு நான்காவது தடவை.

வாங்க: பால், தேங்காய் எண்ணெய். நீலச் சுடிதார் இஸ்திரி.

வீட்டுக்காரர் டீயோடு வந்து நின்றார். எங்கள் கம்பெனியிலேயே ஆல்ட்ரேஷன் டெய்லர். நான் குறை என்று ஒதுக்குகிற பீஸையெல்லாம் பிரித்துத் தைத்துச் சரிபண்ணுகிறவர். அப்படித்தான் பழக்கமே ஆனது.

"ஏன் அம்மிணி, எல்லாத்தையும் அழிச்சுப்போட்டியா?"

"தப்பா வந்துச்சுங்க."

"ஒரு தையல் விட்டுப்போச்சுன்னா முழு பனியனையும் வீசிருவியா? எங்கிட்டத்தானே குடுப்ப? எந்த எடம்னு பாரு. அத மட்டும் பிரி."

கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை இந்த மனுஷன். சரியாகச் சொல்லிவிட்டாரே என்று கோபம் கோபமாக வந்தது.

நவ. 6, வியாழன்
அழிக்கவில்லை. சிவப்பை வரி வரியாகப் படித்தேன். ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விட்டிருக்கிறேன். அவ்வளவுதான்!

அவரை எழுப்பிக் காட்டினேன். பாதிக் கண்ணில், "நல்லா இருக்குது" என்றார். கன்னத்தில் தலையணைத் தடம். ரொம்பப் பிடித்தது இவரை, அந்த நிமிஷம்.

நவ. 7, வெள்ளி
ஆபீஸில் திறந்ததும் சிவப்பு. "பத்து நிமிஷம் குடுங்க சார்." ஒரு படத்தின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தேன். அதை மட்டும் திருத்தினேன். முதல் தேதியிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள்!

சாயங்காலம் பஸ்ஸில், கம்பெனி விட்டு ஏறிய அவரிடம் சொன்னேன். நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். இரண்டு ஸ்டாப் தாண்டி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே:

"அப்ப இனி மத்தியானச் சோறு நான் ஒண்டியாத்தான் உண்ணோணுமா?"

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கம்பெனியில் மத்தியானம் இரண்டு பேருக்கும் ஒரே டிபன் கேரியர். கால் வலியை யோசித்தேன், சம்பளத்தை யோசித்தேன். இதை யோசிக்கவே இல்லை. கம்பியைப் பிடித்து நின்றபடியே அழுதேன்.