சம்ப் இருக்கிற ஷெட்டுக்கு ஒரு லிஃப்ட்

லிங்கராஜபுரம்,
பெங்களூர்,
12 ஆகஸ்ட் 2004.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

பியாட்ரிஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நானும் சிந்துவும் நன்றாக இருக்கிறோம். மஸ்கட் வெயிலில் உங்கள் கழுத்துவலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலத்தை அலமாரியில் அழகுக்கு வைக்காமல் தடவிக்கொள்ளுங்கள்.

காரைத் தூக்கி நிறுத்துகிற லிஃப்ட் ஒன்று நம் ஷெட்டில் வந்துவிட்டால், வேலையை விட்டு வந்து வீட்டிலேயே கராஜ் நடத்துவேன் என்றீர்களே, அதை நம்பி அடுகோடியில் லிஃப்ட் விற்கிற ஆதிகேசவன் கடைக்குப் போனேன். ஒரு பெண்பிள்ளை தனியாக லிஃப்ட் வாங்க வந்ததை அவர் பார்த்ததே இல்லை போல. சார் வரலீங்களாம்மா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சார் வரத்தான் லிஃப்டே என்றேன்.

நீங்கள் கேட்ட இரட்டைத் தூண் லிஃப்ட் கம்பீரமாகத்தான் இருக்கிறது. கார் தலைக்கு மேலே போய்விடுகிறது. அவரை வீட்டுக்கு வரவழைத்து நீங்கள் போட்டனுப்பிய படத்தைக் காட்டினேன். நம் கூரை அதற்கு உயரம் போதாதாம். அதுகூடப் பரவாயில்லை. இடது தூணுக்கு நீங்கள் குறித்த இடத்தில்தான் தரைக்கடியில் நம் தண்ணீர்த் தொட்டி, அந்த சம்ப், இருக்கிறது. போல்ட்டு நேரா காவேரித் தண்ணிக்குள்ளதான் எறங்கும்மா என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு அழுகை வந்தது. இங்கே இருந்து, தண்ணீர் வரும்போதெல்லாம் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கிறவருக்கு அது மறக்குமா?

போனில் சொன்னால், சம்பை மூடி வேறு இடத்தில் வெட்டிக் கூரையையும் உயர்த்தலாம், அதற்கு இன்னும் இரண்டு வருஷ வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறீர்கள். நல்ல கதை. போன தடவை ஷெட்டுக்குத் தரை, அதற்கு முந்தின தடவை ஷட்டர். சிந்து இப்போதெல்லாம் அப்பா எப்போது வருவார் என்று கேட்பதே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் நானே முடிவெடுத்துவிட்டேன். கத்தரிக்கோல் மாதிரி விரிந்து மடங்குகிற குட்டை லிஃப்ட் ஒன்று இருக்கிறது. தரையைத் துளைக்க வேண்டாம், கூரையைத் தொட வேண்டாம், சம்ப் இல்லாத கேட் பக்கம் போட்டால் போதும். காரை இடுப்பளவுதான் தூக்கும். நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து பிரேக்கும் டயரும் பார்க்கலாம், நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக் கழுத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கியர்பாக்ஸ் இறக்க இது சரிப்படாது என்று ஆதிகேசவனே சொன்னார். அந்த வேலை வந்தால் வேறு கராஜுக்கு அனுப்புங்கள். ஊரில் உள்ள எல்லா வேலையையும் நாமே செய்ய வேண்டுமா என்ன?

அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. அடுத்த வாரம் கொண்டுவந்து இறக்குகிறார்கள். பங்குச் சாமியார் அன்றைக்கே வந்து மந்திரிக்கிறேன் என்றார். வீட்டுக்காரர் வந்த பிறகு மந்திரித்தால் போதும் சாமி என்று சொல்லிவிட்டேன். அதுவரை சுவிட்சை யாரையும் தொட விடமாட்டேன்.

உங்களைக் கேட்காமல் எப்படி வாங்கினேன் என்று கோபம் வரும். வரட்டும். ஆனால் போனில் திட்டாதீர்கள், கடிதத்திலும் எழுதாதீர்கள். அந்தக் கையெழுத்தைப் போடாமல் வந்து, என் எதிரில் நின்று திட்டுங்கள். எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மாதாவிடம் உங்களை ஒப்படைத்திருக்கும்,
பியாட்ரிஸ்.