மாமுவுக்குத் திறந்து விட்ட நாலாவது பக்கம்

786

இராயபுரம்
22-2-1953

அன்பு மகன் அமீருக்கு, அத்தா கமால் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுக் கருணாகரன் எழுதும் கடிதம். அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவலில் நாங்கள் எல்லாரும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறோம், நீயும் அங்கே சிங்கப்பூரில் மேல்வலி கால்வலி இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நீ அனுப்பிய தைலத்தைத் தெருவெல்லாம் காட்டிவிட்டு மிச்சத்தைத்தான் தேய்த்துக்கொள்கிறாள். உன் தங்கை தாஹிராவின் நிக்காஹ் செய்திக்குத்தான் நீ வழி பார்த்துக்கொண்டிருப்பாய். அதை முதல் வரியிலேயே எழுதிவிடலாம் என்கிறான் கருணாகரன், நான் முடியாது என்றேன், எழுத்துத் தெரிந்தவனுக்குக் காகிதம் இருக்கிறது, எனக்கு வரிசைதான் இருக்கிறது, நடந்தது நடந்தபடிதான் வாயில் வரும்.

மாப்பிள்ளை சௌக்கத் அலி தண்டையார்பேட்டைப் பிள்ளை, ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறான் என்று முன்பே எழுதியிருந்தேன். நாள் குறித்த மறுநாள் உன் தங்கை ஒரு குண்டைப் போட்டாள். நிக்காஹ் வகீலாக உசேன் மாமு வந்து, திரைக்கு அந்தப் பக்கம் நின்று சம்மதமா என்று கேட்டால்தான் வாயைத் திறப்பாளாம், வேறு யார் வந்து கேட்டாலும் ஊமையாம். தோளில் தூக்கி வளர்த்த தாய்மாமன் கேட்காமல் இன்னா கல்யாணம் என்றாள். உன் மாமுவோ நாலு வருஷமாக நம் வூட்டு வாசற்படி மிதிப்பதில்லை. அதன் காரணத்தை உனக்கு நான் எழுதவே இல்லை. நீ கப்பலேறிய அன்று கரையில் நம் ஆள் யாரையும் காணோமே என்று முதல் கடிதத்தில் கேட்டிருந்தாய், கூட்டத்தில் தெரிந்திருக்காது என்று பதில் எழுதச் சொன்னேன். அது பொய் மகனே. நாங்கள் அத்தனை பேரும் கடலோரப் பாறைமேல் நின்று, கரி இறக்கிவிட்டுக் கல்கத்தா திரும்புகிற ஒரு கப்பலுக்கு அரை மணி நேரம் கையாட்டினோம். உன் அம்மா முந்தானையை ஆட்டி ஆட்டி அழுதாள், அந்தக் கரிக் கப்பல்காரர்களும் நல்ல மனுஷர்கள், பதிலுக்குத் துண்டை ஆட்டினார்கள். உன் கப்பல் போனபோது நாங்கள் வூட்டில் சோறு தின்றுகொண்டிருந்தோம். பாதி ஆயுசைக் கப்பலில் கழித்த நானும் உன் மாமுவும் கூடவே நின்று இப்படி ஆனதென்றால் மூடி மறைக்கவேண்டிய விஷயம், நானோ பாலத்தடி டீக்கடையில் உட்கார்ந்து, மச்சானுக்குக் கண் போச்சு, கரிக் கப்பலைக் காட்டி அழ வெச்சுட்டான் என்று எல்லாரும் சிரிக்கச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ராயபுரம் முழுக்க அவன் பேர் தப்புக் கப்பல் உசேன்.

உன் கடையைச் சுற்றிச் சீனர்கள்தான் என்று எழுதினாயே, நானும் உன் மாமுவும் வாலிபத்தில் ஒரே கப்பலில் கலாசியாக இருந்தபோது அதில் தச்சு வேலைக்கு ஆ சூன் என்று ஒரு சீனக் கிழவன் இருந்தான். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அவங்க தேசத்துப் படைத்தலைவர்கள் யுத்தத்தில் செய்த தந்திரமெல்லாம் இழைப்புளி தள்ளிக்கொண்டே உடைந்த இந்துஸ்தானியில் சொல்லுவான். யுத்தம் ராஜாவுக்கு, எங்களுக்கு இன்னாத்துக்கு என்று கேட்டால், சமையல்காரனிடம் ரெண்டாவது கரண்டிக் குழம்பு வாங்கவும் இதுதான் வழி என்பான், வாங்கியும் காட்டுவான். அதில் ஒன்றையும் நான் மறக்கவில்லை. பேஜாரு இன்னான்னா உன் மாமுவும் மறக்கவில்லை.

முதலில் உன் அம்மாவைச் சர்க்கரை வெற்றிலையோடு தூது அனுப்பினேன். தங்கச்சியை உட்கார வைத்துக் கறிசோறு போட்டு அனுப்பினான், வருகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு பக்கம் சத்தம் காட்டி எதிரியை இழுத்துவிட்டு மறுபக்கம் நுழைவது ஒரு தந்திரம், அதன்படி என் வண்ணாரப்பேட்டை ஒன்றுவிட்ட அண்ணன்தான் வகீல் என்று மீன் கடையெல்லாம் பரப்பினேன், ரோஷத்தில் ஓடி வருவான் என்று கணக்கு. மீன் விற்கிற பூவம்மா கூடையை இறக்கிவிட்டு, மச்சான் கிழக்கே தாரை ஊதுறாரு, நான் மேற்கே பாத்துகினு கீறேன்னு உசேன் பாய் சொல்லச் சொன்னாரு, எனக்கு ஒண்ணும் புரியல என்றாள். எனக்குப் புரிந்தது. பலம் இருக்கும்போது பலவீனம் காட்டு என்பது இன்னொன்று. நெற்றியில் ஈரத்துணி போட்டுப் படுத்துக்கொண்டு, காய்ச்சல், பிழைப்பேனோ மாட்டேனோ என்று சொல்லி அனுப்பினேன். தூக்குச்சட்டியில் கஞ்சி வந்தது, கூடவே, வேலை அதிகமான அன்னிக்கு ஆ சூனும் இப்படித்தான் படுப்பான், கஞ்சியைக் குடிச்சிட்டு எழுந்து பந்தலைக் கட்டச் சொல்லு என்று சேதியும் வந்தது. கஞ்சி நன்றாகவே இருந்தது, குடித்துவிட்டு எழுந்தேன். தாஹிரா இந்தப் பக்கம் சிரித்தாள், அந்தப் பக்கம் போய் அழுதாள். நிக்காஹ்வுக்கு மூன்றே நாள்.

வியாழக்கிழமை பந்தலுக்கு நாலு கால் நட்டு மூன்று பக்கம் தென்னங்கீற்று அடைத்துவிட்டு, ஆள் நுழைய ஒரு பக்கம் விட்டேன். அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. எதிரியின் கோட்டையை நாலு பக்கமும் சூழாதே, ஒரு பக்கம் விட்டுவிடு, வெளியே வர வழி இல்லாதவன் சாகும்வரை மல்லுக்கு நிற்பான் என்று கிழவன் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னானே. ஒரு பேரை வைத்து மச்சானை நாலு பக்கமும் அடைத்தவனே நான், பொடிப்பசங்கள்கூட அந்தப் பேரைச் சொல்லும்போது எந்த முகத்தோடு சபையில் வந்து நிற்பான். திறக்கவேண்டிய பக்கம் என்னிடம் இருந்தது. அன்று பாறைமேல் நின்று அதுதான் அமீர் கப்பல் என்று முதலில் கை நீட்டியவன் நான். புகைபோக்கி நிறம் வேறே மாதிரி கீதே மச்சான் என்று உசேன் தயங்கினான், கையாட்டுடா என்று நான் அதட்டினேன், என்மேல் வைத்த நம்பிக்கையில் ஆட்டினான். முந்திக்கொண்டு கதையைச் சொன்னதால் பழி அவன்மேல் போச்சு. நாலு வருஷம் உன் அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அதே டீக்கடையில், அதே கூட்டத்தில், எழுந்து நின்று சொன்னேன். சிரித்தார்கள் பார், கூரைத் தகரம் ஆடியது. அஸர் தொழுகைக்குள் நான் தப்புக் கப்பல் கமால் ஆகிவிட்டேன், இப்போது கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கிறேன். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் புள்ள அந்தக் கப்பல்ல நின்னு கரையைப் பாத்துகினே போயிருப்பானே என்றாள்.

சனிக்கிழமை காலை கை நீளத்துக்கு ஒரு வஞ்சிரத்தோடு உன் மாமு வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, பந்தலைப் பார்த்தான். எந்தக் கபோதி கட்டினது, கடற்காத்துக்கு நேரா வாய் வெச்சு என்று கேட்டுக்கொண்டே முடிச்சுகளை அவிழ்த்தான். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் சமாதானப் பேச்சு அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை உன் மாமு சாட்சிகள் ரெண்டு பேரோடு திரையருகே போய்ச் சம்மதமா அம்மா என்று கேட்டான். பதில் இல்லை. ரெண்டாம் தடவை கேட்டான், வளையல் சத்தம்கூட இல்லை. மாப்பிள்ளையின் அத்தா துண்டால் முகத்தைத் துடைத்தார், நிக்காஹ் நடத்தும் ஹஜரத் எழுதுகோலைக் கீழே வைத்தார். மூன்றாம் தடவை குரல் உடைந்துதான் கேட்டான். சம்மதம் மாமு என்று அவள் சொன்னது ஆண்கள் பக்கத்துக் கடைசி வரிசைவரை கேட்டது. ஏண்டி இப்படி என்று அப்புறம் கேட்டதற்கு, நாலு வருஷம் வராத ஆளை ரெண்டு தடவை நிக்க வெச்சது கம்மி என்றாளாம். அவள்தான் யாரிடமும் படிக்காத படைத்தலைவி.

உன் அறைக் கூட்டாளியோடு பேச்சில்லை என்று எழுதியிருந்தாயே, தப்பு அவன்மேலேயே இருக்கட்டும், அதை ஊர் கூட்டி நிரூபிக்காதே, அவன் தலை தாழாமல் திரும்பி வர ஒரு பக்கம் விடு. மழையில் நனைந்த சட்டையோடு தூங்காதே. தாஹிராவின் மாமனாருக்குத் தனியாக ஒரு கடிதம் மறக்காமல் போடு, புது சம்பந்தம், முறைக்கு எதிர்பார்ப்பார். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல வேலையும், கூடிய சீக்கிரம் எங்கள் கண்ணெதிரே உட்கார்ந்து சாப்பிடும் நாளையும் கொடுக்கட்டும். உன் மாமு இதோ என் பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டு, பாதிக்குமேல் நம்பாதே என்று எழுதச் சொல்கிறான். கருணாகரன் மைப்பெட்டியைத் திறந்ததும் எனக்கு முந்திக் கட்டைவிரலை அமுக்கிவிட்டான், யுத்தத்தில் மேட்டை முதலில் பிடிக்கவேண்டுமாம். ஆகவே மேலே இருப்பது அவனுடையது, கீழே இருப்பது என்னுடையது, நீ ரெண்டையும் கண்ணில் ஒற்றிக்கொள்.

இப்படிக்கு,
உன் மாமு உசேன், கைநாட்டு
உன் அத்தா கமால், கைநாட்டு