மருந்துப் பெட்டியின் சாவி

நவம்பர் 3, திங்கள்

ஷிஃப்ட் முடிந்து நேராக வாலாஜாபாத் போனேன். ஆட்டுக்கு வேண்டியதெல்லாம் ஒரே நடையில் வாங்கியாகிவிட்டது. குடற்புழு மருந்து, வயிற்று உப்புசத்துக்கு ஒரு பாட்டில், குட்டி போட்டால் தொப்புளில் தடவ அயோடின், காய்ச்சல் பார்க்க தெர்மாமீட்டர், வாயில் மருந்து ஊற்றும் பெரிய சிரிஞ்சு, குளம்பு வெட்டும் கத்தரி, ஆடு நக்க உப்புக் கட்டி இரண்டு. கையுறை ஒரு பெட்டி. கடையிலேயே என் கைக்குப் போட்டுப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர், "எத்தினி ஆடு சார்?" என்றார். ஒன்பது என்றதும் சிரித்தார். சிரிக்கட்டும். ஒரகடம் கம்பெனியில் பதினோரு வருஷமாக ஸ்டோர்ஸ் பார்க்கிறவன் நான். ஒரு வாஷர் இல்லாமல் முழு லைனும் நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தை மாதத்தோடு கான்ட்ராக்ட் முடிகிறது. இனி நீட்டிக்க மாட்டார்கள் என்று சூப்பர்வைசர் மாரிசெல்வம் சாடையாகச் சொல்லிவிட்டார். அப்புறம் எனக்கும் வீட்டுக்காரி கலைமதிக்கும் இந்த ஒன்பது ஆடுதான் சோறு. ஒன்றுகூடச் சாகக் கூடாது.

நவம்பர் 5, புதன்

வேலையில் மனம் நிற்கவில்லை. உப்புச மருந்து இரண்டு பாட்டிலாக வாங்கியிருக்க வேண்டுமோ?

நவம்பர் 9, ஞாயிறு

காலை முழுக்கப் பெட்டி அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு அறை, அறைக்கு ஒரு லேபிள். முதலில் காலாவதியாகிற மருந்து முன்னால், மற்றது பின்னால். கம்பெனியில் எப்படியோ அப்படியே. கலைமதி பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஆட்டுக்கு இன்னாத்துக்குங்க இவ்ளோ லேபிளு? அதுங்க படிக்கப் போவுதா?"

மத்தியானம் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால், பக்கத்து வீட்டுப் பாண்டுரங்கன் அவர் மாட்டுப் புண்ணுக்கென்று அயோடினை வாங்கிப் போயிருக்கிறார். திரும்பி வந்த பாட்டிலில் மூடி இல்லை. அதுவும் குடற்புழு மருந்து அறையில் கிடக்கிறது! எனக்கு வந்ததே ஆத்திரம். "யாரக் கேட்டு எடுத்துக் குடுத்தே?" என்று கலைமதியிடம் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். சாயங்காலமே பூட்டு வாங்கிப் போட்டேன். ஒரு சாவி பைக் சாவியோடு. இன்னொன்று கம்பெனி லாக்கரில். ஸ்டோர்ஸில் கையெழுத்து இல்லாமல் ஒரு நட்டு வெளியே போகாது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

"நீங்க ட்யூட்டில இருக்கச்சொல்ல எதுனா ஆச்சின்னா?" என்றாள்.

"கம்பெனி கேட் செக்யூரிட்டிக்குப் போன் பண்ணு. என்னைக் கூப்பிடுவாங்க."

நவம்பர் 13, வியாழன்

மூன்று நாளாக மழை விடவில்லை. ஆடுகள் மேயப் போகாமல் கொட்டகையில் கத்திக்கொண்டே இருக்கின்றன. கேன்டீனில் மீந்த சோறு ஒரு வாளி கேட்டு வாங்கி வந்தேன். தவிட்டில் ஒரு பிடி கலந்து வைத்தேன். மீதி நாளைக்கு ஆகும் என்று கொட்டகை ஓரமாக வைத்திருக்கிறேன்.

நவம்பர் 14, வெள்ளி

கருப்பி செத்துப்போச்சு.

நான் கிளம்பிய பிறகு கயிற்றை அறுத்துக்கொண்டு வாளியில் வாயை வைத்திருக்கிறது. அரை வாளி சோறு. பத்து மணிக்கு இடது வயிறு புடைத்துக்கொண்டு, மூச்சு வாங்கியிருக்கிறது. கலைமதி மாட்டாஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டிருக்கிறாள். அவர் வேறு ஊரில் ஒரு மாட்டுப் பிரசவத்தில் இருந்தார். "உப்புச மருந்து இருந்தா ஒடனே ஊத்தும்மா" என்றாராம். மருந்து இருந்தது. பெட்டிக்குள் இருந்தது.

என் போன் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். செக்யூரிட்டிக்கு நாலு முறை அடித்திருக்கிறாள். செக்யூரிட்டி எழுதிய துண்டுச்சீட்டு என் கைக்கு வந்தது சாப்பாட்டு நேரத்தில். பறந்து வந்தேன். கருப்பி காலை நீட்டிக் கிடந்தது. கலைமதி கையெல்லாம் எண்ணெயும் ஆப்ப சோடாவுமாக அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் வாங்கிய முதல் ஆடு. இருக்கிறதில் நாலு அது போட்டதுதான்.

"பூட்ட ஒடச்சிருக்கலாம் இல்ல? ஒடச்சிருக்கலாம் இல்லடி?" அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

டாக்டர் வந்து பார்த்தார். "மருந்துக்குப் பூட்டு போட்டிருக்கீங்க. சோத்து வாளிக்கு ஒரு தட்டு போட்டு மூட முடியலையா?" என்றார்.

நவம்பர் 15, சனி

ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறாள். எனக்கும் கோபம் தீரவில்லை. யார் மேல் கோபம்?

நவம்பர் 16, ஞாயிறு

பாண்டுரங்கன் வந்தார். அயோடின் விஷயத்தில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன், அவராகவே வந்தார்.

"நான் கடப்பாறையோட வந்தேம்பா ஸ்ரீதரு. ஒரே போடு, தெறிச்சிருக்கும். உன் வூட்டம்மாதான் கையப் புடிச்சிக்கினு வாணாம்னுச்சு. அவரு வந்தா கத்துவாருன்னுச்சு. எதிர்ல ஆடு சாவுது, அதப் பாத்து அழுதுக்கினே வாணாங்குது. இன்னாபா இது?"

அவர் போய் ரொம்ப நேரமாயிற்று. இன்னும் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன். கண்ணெதிரே ஆடு சாகும்போதும் அவளுக்கு என் வாய்தான் முன்னால் நின்றிருக்கிறது. ஐயோ, நான் அவ்வளவு மோசமானவனா? கலியாணமாகிப் பதினாலு வருஷம். இன்னும் எதையெல்லாம் தொடாமல் விட்டிருப்பாள்?

நவம்பர் 18, செவ்வாய்

பூட்டை இரண்டு சாவியோடு பழைய இரும்புக்காரனிடம் போட்டேன். "இனிமே பூட்டு கெடையாது கலை" என்றேன். "ம்" என்றாள்.

நவம்பர் 23, ஞாயிறு

செவலைக்கு முட்டியில் சிராய்ப்பு. சினை ஆடு, வழுக்கி விழுந்திருக்கிறது. கலைமதி அடுப்படியிலிருந்து மஞ்சள் அரைத்துக் கொண்டுபோய்ப் பூசினாள். பெட்டி திறந்தேதான் இருந்தது. அதைத் தாண்டித்தான் போனாள்.

"பெட்டிய உனக்கு வசதியா எங்க வைக்கட்டும்?"

"உங்க பெட்டி. உங்க இஷ்டம்."

நான் கத்தியதெல்லாம் சேர்த்தாலும் அவள் சொன்ன இந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகாது. கொட்டகைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். ஒன்றும் ஓடவில்லை.

நவம்பர் 29, சனி

செவலைக்கு மடி இறங்கிவிட்டது, சீக்கிரம் குட்டி போட்டுவிடும். லீவு கேட்டேன். மாரிசெல்வம் முடியாது என்றுவிட்டார்.

டிசம்பர் 4, வியாழன்

இன்று போன் எதுவும் வரவில்லை. அதுவே பயமாக இருந்தது. வந்து பைக்கை நிறுத்தும்போதே கொட்டகையில் மெல்லிசாகக் குட்டிக் குரல் கேட்டது.

இரண்டு குட்டி. ஒன்று செவலை, ஒன்று அசல் கருப்பு. முதல் குட்டி காலை மடக்கிக்கொண்டு மாட்டிக்கொண்டதாம். கலைமதி டாக்டரைப் போனில் கேட்டுக்கேட்டு, கையை விட்டுத் திருப்பி எடுத்திருக்கிறாள்.

பெட்டி திறந்து கவிழ்ந்து கிடந்தது. அயோடின் சிமென்ட் தரையெல்லாம் கொட்டியிருந்தது. கத்தரி சாணியில். முன்னால் எது, பின்னால் எது, ஒன்றும் இல்லை. என் கண் தரையில் ஓடியதைப் பார்த்துவிட்டாள். ஈரக் கையோடு பதறி எழுந்தாள். "இதோ எடுத்து அடுக்கிடறேங்க."

அந்தப் பதற்றத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவள் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

"கெடக்கட்டும், உக்காரு. இன்னா தீந்துச்சுன்னு சொல்லு. நாளைக்கு வாங்கியாறேன்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்தாள்.

"அயோடின் ரெண்டா வாங்கிக்கினு வாங்க. ஒண்ணு பத்தல. அப்புறம் அந்தக் கையுறை..." குட்டியின் காதைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "உங்க கைக்கு வாங்கி வெச்சிருக்கீங்க. உள்ள கைய விடச்சொல்ல கழண்டு கழண்டு போவுது. இங்க நாள் முழுக்க இருக்கிறது நான்தானே?"

சின்ன சைஸ் கையுறை, ஒரு பெட்டி. எழுதிக்கொண்டேன்.