மாத்தேக் குடுவையில் விஷம்

எலிசெயோ,

இறைச்சிக் குழம்பு அடுப்பில் இருக்கிறது. சூடாக்கிக்கொள். நான் என் புத்தக வெளியீட்டு விழாவுக்கு நூலகத்துக்குப் போகிறேன். அறுபத்துமூன்று வயதில் முதல் துப்பறியும் நாவல். விழாத் தலைவர் என்னை "இளம் குரல்" என்று வாழ்த்துவாராம். முட்டிவலியோடு கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

என் கதையில் மாத்தே ஊற்றுபவன் அந்த மூலிகைத் தேநீரில் விஷம் கலந்து கொல்வதைப் பற்றி நேற்று நீ கேட்டதற்கு நான் கத்தியிருக்கக் கூடாது. "ஏன் நிதியா, மாத்தே ஊத்துறவன்தானே முதல்ல குடிச்சுட்டு அடுத்தவங்களுக்குக் குடுப்பான்? விஷம் கலந்தா உன் கொலைகாரன்தான் மொதல்ல சாவான்!"

சரிதான். ஆனால் அச்சாகிவிட்டதே.

நமக்குக் கல்யாணமாகி முப்பது வருஷமாக இந்த வீட்டில் ஊற்றுவது நீதான். முதல் கசப்பை நீ குடித்துவிட்டு, இதமானதை எனக்குத் தருவாய். ஒரு நாளாவது நான் ஊற்றியிருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது.

நிதியா

ஆறு மணிக்கு வந்துவிடு. வேறு யாராவது அதையே கேட்டால் சமாளிக்க எனக்குத் தெம்பில்லை. பக்கத்தில் உட்கார்ந்திரு, போதும்.