பால்கோவா வைத்த கையுறைப் பெட்டி

தாயி,

இன்று காலை ஸ்டோரில் புதுக் கையுறைப் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். குப்பென்று ரப்பர் வாசம். உடனே நீ கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு எதிரில் வந்து நின்றாய்.

ராஜபாளையம் முதல் பிளவக்கல் அணை வரை என் கீர்த்தி பரவியிருந்த காலம் அது. நம் ஆஸ்பத்திரி ஸ்டோருக்கு நானே சக்கரவர்த்தி. பஞ்சும் பேண்டேஜும் என் படைகள். அவசரப் பிரிவு நர்ஸான நீ மட்டும் என் ஆட்சியை மதித்ததில்லை. எந்தப் பெட்டி வந்தாலும் நாலைந்து உறைகளை உருவுவாய். காற்றடைத்து, வாய்ப்பக்கம் முறுக்கி, புடைத்த விரல்களைக் கன்னத்தருகே பிடிப்பாய். பலூன் வேண்டுமென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்குக் கூட்டிப்போகிறேன் என்று கேலி செய்வேன்.

"கண்ணுக்குத் தெரியாத ஓட்டை கன்னத்துக்குத் தெரியும் மாமா" என்பாய்.

அப்படி நீ பார்த்து வைத்த பெட்டியில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சூடாக வாங்கி வந்த பால்கோவா. நம் வார்டு ஆட்களோ யானைக் கூட்டம். பொட்டலத்தையும் சேர்த்துத் தின்பார்கள். உன் பங்கைக் காப்பாற்ற வேண்டுமே! கையுறைப் பெட்டிக்குள் புதைத்து வைத்தேன். சாயங்காலம் நீயும் நானும் தின்று தீர்த்தோம். கசிந்த நெய்யை உறைகள் குடித்திருந்ததை நான் கவனிக்கவில்லை. நெய் பட்டால் ரப்பர் இற்றுப்போகும் என்பதும் சக்கரவர்த்திக்குத் தெரியாது.

மறுநாள் வத்திராயிருப்புப் பக்கம் டிராக்டர் கவிழ்ந்து ஒருவரைத் தூக்கி வந்தார்கள். நீ அந்தப் பெட்டியிலிருந்துதான் உறை மாட்டினாய். ரத்தம் கொப்பளித்த காயத்தை அழுத்திப் பிடித்திருக்கையில் ஆள்காட்டி விரலில் உறை பிளந்தது. அந்த விரலில்தான் அரிவாள்மனை கீறிய புண். வேறொருத்தி வந்து பிடிக்கும்வரை நீ கையை எடுக்கவில்லை. பிறகு குழாயடியில் கிழிந்த உறையை முகர்ந்து பார்த்தாய்.

உண்மையைச் சொல்லிவிட்டு, ஏசுவாய் என்று நின்றேன்.

"நான் பாத்த பெட்டின்னு நம்பி மாட்டுனேன் மாமா." அம்புட்டுத்தான் சொன்னாய்.

அடிபட்டவர் ரத்தத்தில் ஒரு வகை மஞ்சள் காமாலைக் கிருமி இருந்தது. தடுக்க ஊசி இல்லை. ஆறு மாதம் ரத்தத்தைச் சோதித்துச் சோதித்துக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். வீட்டில் யாருக்கும் ஒட்டிவிடக் கூடாதென்று அந்த ஆறு மாதமும் உன் நகவெட்டியை ஒளித்து வைத்தாய். உன் மகளுக்கு நகம் வெட்டும் வேலையைக்கூட உன் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டாய். நான் ஆண்டாள் கோயிலைச் சுற்றிய சுற்றில் கோபுரத்துக்கே தலை கிறுகிறுத்திருக்கும்.

கடைசி ரிசல்ட் வந்த அன்று ஸ்டோர் வாசலில் வந்து நின்றாய்.

"ஒண்ணுமில்ல மாமா. கால் கிலோ வாங்கிட்டு வாங்க. பெட்டிக்குள்ள மட்டும் வச்சிராதீய."

சக்கரவர்த்தி பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதார்.

அதற்குப் பிறகும் பல வருஷம் வேலை பார்த்தாய். போன ஐப்பசியில் நெஞ்சுவலி என்று உன்னை நம் வார்டுக்கே கொண்டு வந்தார்கள். உன்னைத் தொட்ட எல்லாக் கைகளிலும் நான் காற்றடைத்துப் பார்த்துக் கொடுத்த உறைகள். ஒன்றுகூடக் கிழியவில்லை தாயி. உன்னைத்தான் நிறுத்திவைக்க முடியவில்லை.

முள்தாடியில் காற்று தெரியாதென்று இப்போதெல்லாம் தினமும் சவரம் செய்துகொள்கிறேன். கல்யாணத்தன்றுகூட இந்த முகம் இவ்வளவு பளபளத்ததில்லை. இன்றைய பெட்டியிலும் ஐந்தை உருவினேன். நாலாவதில், சுண்டுவிரல் நுனியிலிருந்து, எறும்பு விடும் மூச்சளவு காற்று கன்னத்தில் பட்டது.

பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.