வலது தோள்

அம்மாவுக்கு,

நேற்று விமானப்படை அதிகாரியாகிவிட்டேன். அணிவகுப்பு முடிந்ததும் இரண்டு தோளிலும் பதவிப்பட்டையை வீட்டார்தான் மாட்டிவிட வேண்டும். இடது தோளில் மாமா மாட்டினார், தலைகீழாக. வலது பக்கம் நிற்க ஆளில்லை.

"அம்மா வரலியா?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"அவங்களுக்கு விமானச் சத்தமே ஆகாது சார்."

அவர் அப்பாவோடு பறந்தவர். வலது பட்டையைத் தானே மாட்டிவிட்டார்.

உன்மேல் வருத்தமில்லை. அப்பாவின் தொப்பியை எந்தப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நான் கேட்டு வாங்கியது பறக்கும் பிரிவு அல்ல, அம்மா. கிளம்புகிற விமானம் பத்திரமாகத் திரும்பி வரும்படி என்ஜினைப் பார்த்து அனுப்புகிற வேலை.

ஞாயிறு வருகிறேன். வலது பட்டையைக் கழற்றிக் கையில் கொண்டுவருவேன். உனக்குத் தோள் எட்டாது; நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் மகள்